இலவச செஸ் வகுப்பு முடிந்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக செஸ் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது, கூடவே ஒரு சின்ன உறுத்தலும். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பதால் எழுதுகிறேன். படத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் புதுப் பலகை, பின்னால் பேனர். சரி. வகுப்பு முடிந்ததும் அந்தப் பலகைகள் எங்கே போகின்றன? எனக்குத் தெரிந்தவரை பீரோவுக்குள்தான்.

நாங்களும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம். காய் தொலைந்துவிடுமோ என்ற பயம். 32 காயும் இருக்கிறதா என்று எண்ணிப் பூட்டிவைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஒரு நாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பேனாவால் 64 கட்டம் போட்டு, கறுப்புக் கட்டங்களைக் கிறுக்கி நிரப்பி, பாட்டில் மூடிகளைச் சிப்பாய்களாக வைத்து, யானைக்கு ரப்பர் துண்டு வைத்திருந்தாள். வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து பலகைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். காய்கள் தொலையத்தான் செய்தன, ஆனால் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

பலகை வீட்டுக்குப் போனதும் இன்னொன்றும் நடந்தது. அதுவரை இந்தப் பெண் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள், அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவன் காய்களைக் கலைக்கிறான் என்று எங்களில் ஒருவர் (யார் என்று சொல்லாமல் இருப்பது நியாயமில்லை, நான்தான்) அவனைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் அவளே வரவில்லை. போய்க் கூப்பிட்டு வந்தோம், தம்பியையும் சேர்த்து. இப்போது அவளுக்கு வீட்டில் ஆட ஆள் இருக்கிறது, அவன் ஓரளவு நன்றாகவே ஆடுகிறான். வாரம் ஒரு மணி நேர வகுப்பைவிட, சாயங்காலம் எதிரே உட்கார ஒரு ஆள் கிடைப்பதுதான் பெரிய விஷயம். இணையத்தில் ஆடலாமே என்பார்கள். லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரம்கூட இல்லை, உண்மைதான். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

செஸ் ஆடினால் கணக்கில் மார்க் கூடும் என்று நன்கொடை கேட்கும்போது சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். செஸ் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் கழித்துக் கணக்கில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை நீச்சல் கற்றுக்கொண்டால் அதனால் மார்க் கூடுமா என்று யாரும் கேட்பதில்லையே, ஏழைப் பிள்ளை விளையாடுவதற்கு மட்டும் ஏன் ஒரு லாபக் கணக்கு காட்ட வேண்டும்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது போட்டிகளைப் பற்றி. பலகையும் காயும் வருடக்கணக்கில் உழைக்கும், மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், செலவே இல்லாத விளையாட்டு என்கிறார்கள். முதல் போட்டி வரைக்கும் அது சரி. அப்புறம் நுழைவுக் கட்டணம், போக வரச் செலவு, வெளியூர் என்றால் தங்க இடம். பெரிய போட்டிகளில் யோசிக்க ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல் என்று ஒரே ஆட்டம் மூன்று, நான்கு மணி நேரம் இழுக்கும். அந்த மாதிரி 9 சுற்று என்றால் நாலைந்து நாள் ஆகிவிடும். அத்தனை நாளும் அம்மாவோ அப்பாவோ ஹாலுக்கு வெளியே காத்திருக்க வேண்டும், தினக்கூலிக்காரருக்கு அத்தனை நாள் கூலியும் போச்சு. போகாமலும் இருக்க முடியாது. உலக செஸ் அமைப்பான ஃபிடே, ஆட்டக்காரரின் பலத்துக்கு எண்ணாகக் கொடுக்கும் ரேட்டிங் வேண்டுமானால், ஏற்கனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். அந்த ஆட்டக்காரர்கள் இருப்பது போட்டி ஹாலில்தான்.

முதல் தடவை நாங்கள் ஒரு பையனை அழைத்துப் போனபோது, ஜெயிக்கிற நிலையில் இருந்தவன் நகர்த்திவிட்டு, தன் நேரம் ஓடுவதை நிறுத்தக் கடிகாரத்தை அழுத்த மறந்து, நேரம் தீர்ந்து தோற்றான். அவன் மேல் தப்பே இல்லை, செஸ் கடிகாரத்தையே அவன் அன்றுதான் பார்த்தான். ராணியை, குதிரையை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுத்த எங்களுக்கு, தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பதையும், நகர்த்தல்களை எழுதிவைப்பதையும், கடிகாரத்தையும் பழக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வசதியான அகாடமிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முதல் மாதத்திலேயே கை பழகிவிடும்.

உகாண்டாவின் கம்பாலாவில் கட்வே என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே ராபர்ட் கட்டெண்டே நடத்திய செஸ் வகுப்புக்கு ஃபியோனா முட்டேசி என்ற சிறுமி முதலில் போனது அங்கே கொடுத்த ஒரு குவளைக் கஞ்சிக்காக. 2012இல் இஸ்தான்புல் ஒலிம்பியாடில் ஆடிப் பெண்களுக்கான கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் வாங்கினார். இதைத் திறமையின் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு ஆள் கையைப் பிடித்துப் போட்டிகளுக்கும் கூட்டிக்கொண்டு போனார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நைஜீரியாவின் துண்டே ஒனகோயாவும் அதேபோல லாகோஸ் சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான். 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 60 மணி நேரம் தொடர்ந்து செஸ் ஆடினார், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்ட. வெறும் பலகை வாங்குவதற்கு யாரும் இரண்டு ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இருபது பேருக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது கட்டணம் இல்லாத இடம் ஒதுக்குங்கள், அதை அறிவிப்பிலேயே போடுங்கள், தனியாக வந்து கெஞ்ச வைக்காதீர்கள். வருமானச் சான்று கொண்டு வா என்று அலையவிடவும் வேண்டாம், சொல்லிக்கொடுக்கிறவரின் ஒரு கடிதம் போதும். ஸ்பான்சர்களும் பேனருக்குப் போகிற பணத்தில் இரண்டு கடிகாரம் வாங்கித் தரலாம்.

உங்களிடமும் ஒன்று. அந்தச் செய்திக்குப் போன நிருபரையே ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு அனுப்புங்கள். படத்தில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், எத்தனை பேர் ஒரு போட்டிக்காவது போயிருக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு செஸ் வகுப்பு நடத்தும் ஒரு வாசகர்