ஸ்பீக்கர் கணக்கு போதும், காதால் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த புது கார் விமர்சனத்தைப் படித்தேன். மைலேஜை ஓட்டிப் பார்த்து, டிக்கியை அளந்து பார்த்து எழுதியவர், பாட்டு விஷயத்துக்கு வந்ததும் ‘எட்டு ஸ்பீக்கர், அசத்தலான சவுண்ட்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பது வருடம் கார் ஸ்டீரியோ மாட்டிப் பிழைத்தவன் நான். அந்த ஒரு வரி உறுத்தியது.

அம்பாசிடர் காலத்தில் ஒரு கேசட் டெக், பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், அவ்வளவுதான். பாடகர் பின் சீட்டில் உட்கார்ந்து நம் பிடரியில் பாடுவது போல இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. அப்புறம் டிக்கி நிறைய ஊஃபர், அதாவது பாஸ் என்கிற அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர், வைக்கும் மோகம் வந்தது. கார் ஆடியோ போட்டி என்றாலே கண்ணாடி அதிர வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். டெசிபல் கணக்குப் பார்க்கும் போட்டி தனி. ஒலியின் தரத்துக்கென்றே நடக்கும் போட்டி தனி. அமெரிக்காவின் ஐயாஸ்கா, ஐரோப்பாவில் தொடங்கிய எம்மா போன்ற அமைப்புகள் இதை நடத்துகின்றன. எம்மா போட்டி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. நடுவர் காருக்குள் உட்கார்ந்து கேட்பார். பாடுபவர் டேஷ்போர்டுக்கு மேலே நடுவில் நிற்கிறாரா, தபேலா தபேலாவாகக் கேட்கிறதா என்று மதிப்பெண் போடுவார். ஒலியே பதியாத டிராக்கைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

அந்தக் கடைசிச் சோதனையில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன், போட்டிக்குப் போகாமலே. ஒரு வாடிக்கையாளர் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘கொய்ங்ங்’ என்று கொசு போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போனது. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம்தான் என்று தெரிந்தது, எந்த வழியாக நுழைகிறது என்பது பிடிபடவில்லை. டெக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்பின் எர்த் போல்ட், தகரத்தைச் சரியாகத் தொடாமல் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதை முறுக்கியவனும் நானேதான். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துத் திரும்ப முறுக்கினேன். கொசு போய்விட்டது.

இந்தத் தலைவலி கார் ரேடியோவின் ஆரம்ப காலத்திலேயே தொடங்கியது. 1930-ல், பின்னாளில் மோட்டோரோலா ஆன அமெரிக்க நிறுவனத்தின் பால் கால்வின் தன் ஸ்டூட்பேக்கர் காரில் வால்வு ரேடியோவைப் பொருத்தியபோது, ஸ்பார்க் பிளக்கின் பொறியே ரேடியோவில் கரகரவென்று கேட்டது. அதை அடக்கிவிட்டுத்தான் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே ஸ்டால் கிடையாது. வாசலில் நிறுத்திப் பாட வைத்தார். மோட்டார் காரில் பாடும் ரேடியோ என்பதால்தான் மோட்டோரோலா என்ற பெயரே வந்தது. 1956 மாடலில் கிறைஸ்லர் நிறுவனம் காருக்குள் ரெக்கார்டு பிளேயரையே வைத்தது, நிமிடத்துக்கு 16⅔ சுற்று! நம் ஊர்ப் பள்ளத்தில் அந்த முள் என்ன பாடுபட்டிருக்குமோ. 1984-ல் பயனியர் கார் சிடி பிளேயரைக் கொண்டு வந்த பிறகு, பாட்டில் கரகரப்பு என்றால் டேப்பின் மேல் பழி போட முடியாமல் போனது.

இன்றைக்குப் பெரிய சிக்கல் தூரம். நம் வண்டியில் டிரைவருக்கு வலது ஸ்பீக்கர் முக்கால் மீட்டரில் இருந்தால், இடது ஒன்றேகால் மீட்டரைத் தாண்டி இருக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே வலதுபக்க ஒலி ஒன்றரை மில்லி விநாடி முந்தி வந்துவிடும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கே பாடகர் வலது கதவோடு ஒட்டிக்கொள்வார். ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பி கருவியில் வலது ஸ்பீக்கரை அந்த அளவு தாமதப்படுத்தினால் நடுவுக்கு வந்துவிடுவார். முதன்முதலில் இதைச் செய்து கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. எட்டு ஸ்பீக்கர் இருந்தும் இதைச் செய்யாத வண்டியைவிட, நான்கே ஸ்பீக்கரில் இதைச் சரியாகச் செய்த வண்டி மேல்.

ஆகவே, அடுத்த விமர்சனத்துக்கு வண்டி எடுக்கும்போது விமர்சகர் தனக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும். குரல் எங்கிருந்து வருகிறது, சத்தத்தைக் குறைத்தால் பாஸ் காணாமல் போகிறதா, கதவு அட்டை கடகடக்கிறதா என்று நான்கு வரி எழுதட்டும். மதுரைப் பக்கம் வந்தால் பக்கத்து சீட்டில் உட்கார நான் தயார். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் ஸ்டீரியோ மெக்கானிக்,
மதுரை