எழுதுபவர் பெயர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு ஃபாரத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நச்சூசா புல்வெளியில் இந்த வருஷ முதல் நடைக்கு 78 டிகிரி ஃபாரன்ஹீட், கால்வாசி மேகம், லேசான காற்று. இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ரீகல் ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சிக்கு நேரே 0 போட்டிருக்கிறாயே, அதுதான் முறை. காலியாக விட்டிருந்தால் நீ தேடிக் கிடைக்கவில்லையா, எழுத மறந்தாயா என்று கணக்கைக் கூட்டுகிறவருக்குத் தெரியாது. ஜூன் பாதிக்கு மேல்தான் ஆண் வரத் தொடங்கும், பெண் அதற்கும் பின்னால். பொறுமையாக இரு.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. பார்ப்பவர், எழுதுபவர் இரண்டு கட்டத்திலும் உன் பெயரே இருக்கிறது.

தனியாகச் செய்யக்கூடாது என்றில்லை, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பொல்லார்டு என்ற ஆய்வாளர் 1970களில் இங்கிலாந்தில் வகுத்த முறையை நினைத்துப் பார். ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு பெட்டி உன்னோடு கூடவே நகர்கிறது. அதற்குள் வந்தது மட்டும் கணக்கு, பின்னால் வருவதைச் சேர்க்கக்கூடாது. 1987இல் இல்லினாயில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் இந்த வழியில்தான். எழுதக் குனிகிற ஐந்து விநாடியில் பெட்டிக்குள் இரண்டு சல்ஃபர் பட்டாம்பூச்சி வந்து போய்விடும். நிமிரும்போது ஒன்று திரும்பி வரும், அதைப் புதிது என்று எண்ணிவிடுவாய். இப்படித்தான் ஒரே நடையில் குறைவும் வரும், கூடுதலும் வரும். அடுத்த வருஷம் வேறு ஆள் நடந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஆளே கிடைக்காவிட்டால், பார்த்ததை ஃபோனில் பேசிப் பதிவு செய். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் நின்று, கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுது. எல்லாம் முடிந்து காரில் உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்தால் ஸ்கிப்பர் என்கிற சின்னப் பட்டாம்பூச்சிகள் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். அடையாளம் தெரியாத ஸ்கிப்பரை 'ஸ்கிப்பர், இனம் தெரியவில்லை' என்றே போடு. ஊகத்தில் பெயர் வைக்காதே. அது உனக்கு வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை கையெழுத்து அழகு. போன வருஷத் தாள்களெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும்.

உண்ணி விஷயம். ஜூன், ஜூலையில் கறுப்புக்கால் உண்ணியின் குஞ்சுகள் கசகசா அளவுதான் இருக்கும், கடித்தாலும் தெரியாது. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள். 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்தைத் துணியிலும் ஷூவிலும் மட்டும் அடி, தோலில் படவே கூடாது. வெளியில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு போடு. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு அது விஷம். மிட்டாய் இப்போது உன்னிடம்தானே இருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைப்பதற்கு முன்னால் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டு. இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிடு. ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழு. திருகாதே. எண்ணெய் விடுகிற நம் ஊர் வைத்தியம் வேண்டாம். எடுத்த தேதியைக் குறித்து வை. அடுத்த 30 நாளுக்குள் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய் அந்தத் தேதியைச் சொல்.

மஞ்சள் பூ பூக்கிற காட்டு பார்ஸ்னிப்பையும் கை முழங்கையால் தள்ளாதே. சாறு பட்ட இடத்தில் வெயில் அடித்தால் கொப்புளம் வரும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

எரியூட்டிய பகுதி, எரியூட்டாத பகுதி என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறாய். பார்த்ததும் பெருமையாக இருந்தது. ரீகலின் புழு முட்டையிலிருந்து வந்து, எதுவும் தின்னாமல் சருகுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் வயலட் இலை துளிர்த்த பிறகுதான் அதற்குச் சாப்பாடு. அதற்குள் தீ வைத்தால் அந்தத் துண்டில் அத்தனையும் போச்சு. தீயே வைக்காவிட்டால் புதர் ஏறிப் புல்வெளி போச்சு. அதனால்தான் துண்டு துண்டாக, வருஷம் மாற்றி எரிக்கிறார்கள். 2014இல் வந்த பைசன்கள் மேய்கிற பக்கமும் புல் வேறு மாதிரி நிற்கும். அதையும் ஓரத்தில் ஒரு வார்த்தை எழுது. இதையெல்லாம் உன் வேலைக்கு நடுவில் செய்கிறாய். அம்மாவிடம் ஒரு ஃபோன் பேச மட்டும் நேரமில்லை.

தனியாகப் போகிற நாளில் காரை எந்த கேட்டில் நிறுத்தினாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாருக்காவது செய்தி அனுப்பு. எங்களுக்கே அனுப்பலாம். அங்கே மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே இரவு பத்தரை, நான் விழித்துத்தான் இருப்பேன். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன். உங்கள் குழுவில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஒருவரைக் கேட்டுப் பார். எழுதுவதற்கு ஆள் கிடைத்தால் கண் முழுக்கப் பூச்சி மேல் இருக்கும், நடையும் சீராக இருக்கும். ஜூன், ஜூலைக்குள் ஆறு நடையாவது முடித்துவிடு. மழை எந்த வாரத்தைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது.

வடவள்ளிச் செய்திகள் அடுத்த கடிதத்தில். அம்மா முழங்கால் பரவாயில்லை.

அப்பா

பி.கு. உண்ணி பெரும்பாலும் முழங்கால் மடிப்பிலும், காதுக்குப் பின்னாலும், மயிருக்குள்ளும் போய் உட்காரும். முதுகை யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. இல்லாவிட்டால் சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார். சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்.