'நன்றி: இணையம்' என்று அச்சிட்டால் அந்த நன்றி யாருக்குப் போய்ச் சேரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், காவிரிப் படுகையின் குறுவை நடவு பற்றிய நல்லதொரு கட்டுரை வெளிவந்திருந்தது. ஆனால் அதற்கு மேலே அச்சாகியிருந்த படத்தில் மலைச்சரிவை வெட்டி அமைத்த படிக்கட்டு வயல்கள் இருந்தன. தஞ்சையிலும் திருவாரூரிலும் மலையேறி நாற்று நடுபவர் எவரும் இல்லை என்பது தங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். படத்தின் கீழே 'நன்றி: இணையம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அவற்றைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இணையம் படம் எடுப்பதில்லை. இருட்டு விலகுமுன் கேமராவோடு ஏதோ ஒரு மேட்டில் போய் நின்று, பனி கலையும் வரை காத்திருந்த ஒருவர்தான் அந்தப் படத்தை எடுத்தார். புத்தகத்தை எடுத்து வந்துவிட்டு, எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நன்றி: நூலகம்' என்று போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது இது.

ஓய்வு நேரத்தில் தூத்துக்குடி உப்பளங்களைப் படமெடுத்து விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் ஏற்றி வருபவன் நான். எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும் என்பதே அங்கு நான் தேர்ந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் நிபந்தனை. அப்படங்களில் ஒன்றை ஒரு வார இதழ் 'நன்றி: கூகுள்' என்று வெளியிட்டது. விசாரித்தபோது, "சும்மா கிடந்த படம்தானே, சார்?" என்று கேட்டார்கள். நான் பணம் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டேன். இலவசம் என்ற சொல்லை நிபந்தனையே இல்லை என்று புரிந்துகொள்வதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது.

எல்லாப் படவங்கிகளின் விதியும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்ஸ்பிளாஷ் போன்ற தளங்களின் உரிமம் பெயர் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கவில்லை, குறிப்பிட்டால் நல்லது என்கிறது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டாக் படங்களுக்கோ விளம்பரத்தில் ஒரு விதி, செய்தியில் இன்னொரு விதி. ஆயினும் கட்டாயமில்லை என்பதாலேயே பெயரைத் தவிர்ப்பது செய்தித்தாளுக்குப் பொருந்தாது. கட்டுரையாளர் பெயரைத் தடித்த எழுத்தில் போடுகிற பக்கத்தில் படக்கலைஞருக்கு மட்டும் ஒரு வரி இடமில்லாமல் போகாது.

நம் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆக்கியவர் தாமே என்று உரிமை கோரும் தகுதி படைப்பாளரிடமே இருக்கிறது. டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனின் சுவரிலிருந்து 1979-இல் பெயர்க்கப்பட்டுச் சிதைந்த, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சிற்பம் குறித்த வழக்கில், அதை அவரிடமே திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சிதைவு பற்றிய வழக்கு, பெயர் பற்றியதல்ல. ஆனால் விலை கொடுத்து வாங்கியவரே அரசாக இருந்தபோதும் கலைஞருக்கும் அவர் ஆக்கத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

பெயர் உதிர்ந்தால் படம் எவ்வளவு எளிதில் அநாதையாகிவிடுகிறது என்பதற்கு விண்டோஸ் எக்ஸ்பி கணினித் திரையின் பச்சைக் குன்றைச் சொல்லலாம். கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்ல்ஸ் ஓரியர் 1996-இல் எடுத்து, படவங்கி வழியாக மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன படம் அது. பல ஆண்டுகள் அதைத் தினமும் பார்த்தவர்களில் பலர், கணினியில் வரைந்த குன்று என்றே நினைத்திருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். அமெரிக்கப் படக்கலைஞர் கேரல் ஹைஸ்மித்துக்கு நேர்ந்தது இதைவிட விசித்திரமானது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக அவரே வழங்கியிருந்த படமொன்றைத் தம் அறக்கட்டளையின் இணையதளத்தில் இட்டதற்கு, 120 டாலர் கட்டச் சொல்லி ஒரு படவங்கியின் சார்பில் அவருக்குக் கடிதம் வந்தது.

தமிழ் இதழியலுக்கு இந்த மரியாதை புதிதன்று. மணியம், சில்பி, கோபுலு ஆகியோரின் கையெழுத்துகள் ஓவியத்தின் மூலையிலேயே அச்சானதால்தான் அவர்களை இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறோம். கையெழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அச்சிட அன்றைய ஆசிரியர்கள் துணிந்திருக்க மாட்டார்கள்.

பக்கம் முடிக்கும் நேரத்தின் நெருக்கடியை அறியாமல் இதை எழுதவில்லை. எனினும் படத்தைத் தரவிறக்கும் அதே பக்கத்தில்தான் எடுத்தவர் பெயரும் இருக்கிறது. அதை நகலெடுத்துப் படக்குறிப்பில் ஒட்டப் பத்து விநாடி போதும். அப்படித் தேடும்போது படம் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதும் கண்ணில் படும், காவிரிப் படுகையில் மலையும் முளைக்காது.

அந்த வயல் படத்தைத் தேடுபொறியில் ஏற்றிப் பார்த்தேன். வடக்கு வியட்நாமின் மூ காங் சாய் பகுதியில் எடுத்தது என்று அதன் மூலப்பக்கம் சொல்கிறது. எடுத்தவரின் பெயரும் அங்கேயே இருக்கிறது. அப்பக்கத்தின் முகவரியை இக்கடிதத்துடன் தனியாக இணைத்துள்ளேன். அடுத்த இதழின் திருத்தக் குறிப்பில் அவர் பெயரையும் இடத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
தூத்துக்குடி.