தகரம் அடித்த ஜன்னல்: விடுதிகளுக்கு உரிமம் வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் தங்கும் தனியார் விடுதிகளை ஆய்வு செய்து உரிமம் வழங்குவது உங்கள் பொறுப்பு. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற மாதம் என் மகள் தங்கியிருக்கும் விடுதிக்கும் ஆய்வுக்கு வந்தார்கள். கேமராக்களை எண்ணினார்கள், கழிப்பறைகளை எண்ணினார்கள், தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்தார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே வசிக்கும் ஒரு பெண்ணிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு பேர் படுக்கும் அறை. ஒரே ஜன்னல். எதிர்க்கட்டடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள் என்று அந்த ஜன்னலை வெளிப்பக்கமாகத் தகரம் வைத்து முழுவதும் அடைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. என் மகளுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தால், கண் விழிக்கும்போது மாலை நான்கா, விடியற்காலை நான்கா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். ஐப்பசியில் ஒரு நாள் போன் செய்து, "ஓசூரில் மழை என்று டிவியில் சொன்னார்களா அம்மா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தகரத்தில் சத்தம் கேட்கிறது. மழையா, மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா என்று தெரியவில்லை" என்றாள். பென்னாகரத்தில் இருக்கும் என்னிடம் தன் ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய நிலையில் என் பிள்ளை இருக்கிறாள்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று அளந்து எழுதுவதே என் வேலை. முகத்தைப் பார்த்து "சோர்வாக இருக்கிறாள்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ஹீமோகுளோபின் 7 என்று எழுதினால் வண்டி வரும். அதனால்தான் உங்களிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை, அளவெடுப்பதைக் கேட்கிறேன். அந்தக் கட்டடம் அங்கே வாழும் பெண்களின் மனதை என்ன செய்கிறது என்று அளந்து பாருங்கள்.

மனதை எப்படி அளப்பது என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1998-இல் ஐந்து கேள்விகளைக் கொடுத்திருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தூங்கி எழுந்தபோது களைப்பு தீர்ந்திருந்ததா, அன்றாட வாழ்வில் மனதுக்குப் பிடித்தவை இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். 50-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். என் மகளிடம் போனிலேயே கேட்டேன். 28 வந்தது. நான்காவது கேள்விக்கு 0 என்றாள்.

அந்த 28-க்குத் தகரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை இருக்கிறது, வீட்டு நினைவு இருக்கிறது. அதனால்தான் ஒரு பெண்ணிடம் கேட்டு முடித்துவிடக் கூடாது. அதே விடுதியில் ஜன்னல் திறந்திருக்கும் அறைகளும் இருக்கின்றன. ஒரே ஷிப்டில் போகிறவர்களை இரண்டு வகை அறைகளிலும் கேளுங்கள். தகரத்தை எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். வார்டன் பக்கத்தில் நிற்காமல் கேளுங்கள்.

இது புதிதும் அல்ல. மருத்துவமனை ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட அறுவை சிகிச்சைக்குப் பின் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் எழுதினார். 46 நோயாளிகளின் பதிவேடுகளிலிருந்து, செவிலியர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் சேர்த்துத்தான் அதைக் கண்டார். 2014-இல் அமெரிக்காவில் 49 அலுவலக ஊழியர்களிடம் செய்த ஆய்வில், ஜன்னல் உள்ள இடத்தில் வேலை செய்தவர்கள் வேலை நாட்களில் சராசரியாக 46 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்.

இரவு ஷிப்ட் பெண்களுக்குப் பகலில் இருட்டு நல்லதுதானே என்று விடுதி மேலாளர் என்னிடம் கேட்டார். தூங்கும்போது இருட்டு வேண்டும்தான். அதற்கு ஒரு கெட்டித் திரை போதும். எழுந்ததும் திரையை விலக்கலாம், தகரத்தை விலக்க முடியுமா? எட்டிப் பார்ப்பதுதான் கவலை என்றால் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடி போடலாம். மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் காற்றும் வெளிச்சமும் பார்த்துத்தான் எங்கள் ஊரில் கட்டுகிறோம். விடுதி வரவேற்பறையில் கிரானைட் பளபளக்கிறது, மேலே பெண்களுக்குத் தகரம். எட்டிப் பார்த்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கப்பட்டவளுக்கு வெளிச்சம் போய்விட்டது. பள்ளியிலிருந்து கல்லூரி வரை, கல்லூரியிலிருந்து வேலை வரை, பெண்ணின் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே எங்கள் பிள்ளைகளைத்தானே அடைக்கிறீர்கள்!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய செலவும் அல்ல. வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர், ஐந்து கேள்விகள் அச்சடித்த ஒரு தாள். நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு என் மகள் கைப்பேசியில் பார்த்தபோது 6 லக்ஸ் காட்டியது. கைப்பேசி சரியாகக் காட்டாது என்பீர்கள். அப்படியானால் சரியான கருவியோடு நீங்களே வந்து அளந்து பாருங்கள். அந்த எண்களைப் பார்க்காமல் அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் நாளை விடுதிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் மாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வந்தால் அவர்களிடம் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்