அக்கா, அலுமாரியத் திறக்கத்தான் போறன்

அக்கா,

வாற விஜயதசமிக்கு பிள்ளைகள் எடுத்து வாசிக்கிற புத்தக அலுமாரிய முன் விறாந்தையில வைக்கத்தான் போறன். அதச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் எடுத்தா பாதியில வச்சிருவீங்க, வட்ஸப்ல எழுதினா பாத்ததுக்கு நீலம் விழும், பதில் வராது. இங்க எழுதினா வாசிப்பீங்க. லைக் போடாட்டியும் நீங்க வாசிக்கிறது எனக்குத் தெரியும்.

உங்கட மகளுக்கு நான் குடுத்த புத்தகத்துக்காக அண்டைக்கு உங்கட குசினிக்குள்ள நடந்தத திருப்பி எழுத மாட்டன். புத்தகத்திட பேரையும் போட மாட்டன். பேரப் போட்டா அது என்னத்தப் பத்தினது எண்டு தெரியும், அது தெரிஞ்சா எந்தப் பள்ளிக்கூடம் எந்த வகுப்பு எண்டு சனம் கணக்குப் பாக்கும், இல்லாமப் போன அந்தப் பிள்ளைட தாய் தகப்பன் இந்த ஊருக்குள்ளதான் நடமாடுறாங்க. அவங்கட துக்கத்த நான் சந்திக்குக் கொண்டு வர மாட்டன்.

உங்களிட்டக் கேக்காமக் குடுத்தது உங்களுக்கு நொந்து போச்சு, விளங்குது, நோக வச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. குடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டன். வகுப்பில ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கு, அதப் பத்திக் கதைக்கக் கூடாது எண்டு அங்கயும் சொல்லியாச்சு, வீட்டில நீங்களும் "ஓஎல் சோதனை வருது, படிப்பப் பாரு" எண்டா உங்கட மகள் எங்க போறது? என்னிட்ட வந்தவள். வந்து என்ன கேட்டவள் எண்டு இங்க எழுத மாட்டன். அவளிட்டயே கேளுங்க, கேட்டா சொல்லுவாள். நான் "இல்ல மகள், உன்னால இல்ல" எண்டுதான் சொன்னன், ஆனா நான் சொன்னா அது சின்னம்மா ஆறுதலுக்குச் சொல்ற கதை. அதே பாரத்தச் சுமந்துகிட்டு திரிஞ்சு, ஆரிட்டயாவது வாயத் திறந்து, மெல்ல மெல்ல வெளிய வந்த இன்னொரு பிள்ளைட கதைய வாசிக்கிறது வேற. அதுக்காகத்தான் குடுத்தன்.

கடைசியா ஒரு சொல் சொன்னீங்களே, இந்த வீட்டில ஒரு ஆள் வாசிச்சுத்தான் போனது எண்டு. அதுக்கு மேல எனக்கு அங்க நிக்க ஏலாமப் போச்சு, தேத்தண்ணியையும் குடிக்காம ஸ்கூட்டிய எடுத்தன்.

அண்ணாவப் பத்தி இங்க விரிச்சு எழுத மாட்டன், ஆர் ஆர் வாசிக்கிறாங்க எண்டு தெரியா. ஒண்டு மட்டும் சொல்றன். அண்ணாட கையில கிடந்தது இயக்கத்து நோட்டீஸ். அதில கேள்வியே இல்ல, பதில் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு பதில். அண்ணாட வயசில இருந்து, போறதா நிக்கிறதா எண்டு ரெண்டு பக்கமும் யோசிச்சுத் தடுமாறுற ஒரு பொடியன்ட கதை அவன்ட கையில கிடைச்சிருந்தா எண்டு நான் நினைக்காத வருஷம் இல்ல. போயிருக்க மாட்டான் எண்டு சொல்லல்ல, அது விருப்பத்தக் கேட்டுக் கூட்டிக்கிட்டுப் போன காலமும் இல்ல. ஆனா அந்தப் பழியப் புத்தகத்துக்கு மேல போடாதீங்க அக்கா. ஒரு கதை சரியான கதையா இருந்தா, எழும்பிப் போ எண்டு ஆரையும் சொல்லாது. இருந்து யோசி எண்டுதான் சொல்லும்.

சுனாமி முகாம உங்களுக்கு நினைவிருக்கும். நீங்க மறந்தமாதிரி இரிக்கிற ஆள், மறக்கிற ஆள் இல்ல.

கடல் வந்த நாளப் பத்தி ஒண்டும் சொல்லத் தேவையில்ல. அதுக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில இருந்தமே, 2005 தை மாசம், பொங்கல் வந்து போனதே தெரியாம. மேசைகள அடுக்கிச் சீலையால மறைச்சு குடும்பம் குடும்பமா, பகல் முழுக்க ஆக்கள் வாறதும் போறதும், லொறியில பெட்டி பெட்டியா சாமான். ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்திச்சு, எல்லாம் இங்கிலீஷ், பனியில விளையாடுற முயல்ட படம் போட்டது. எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒருநாள் பின்னேரம் பாவாடையில ரத்தத்தக் கண்டுட்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. கடல் தண்ணிய நிறையக் குடிச்சதால உள்ளுக்க எல்லாம் அழுகி வருது, சாகப்போறன் எண்டுதான் நினைச்சன். அம்மாட்டப் போகலாம் எண்டு ஒரு நிம்மதியும் வந்திச்சு. இத நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்ல, முதல் தரம் இங்கதான் சொல்றன்.

நீங்க எப்பிடிக் கண்டீங்க எண்டு இண்டைக்கும் தெரியா. உங்களுக்குப் பதினேழு வயசு. ஒண்டும் கதைக்கல்ல. நிவாரண உடுப்போட வந்த ஒரு சீலையக் கிழிச்சு மடிச்சுத் தந்தீங்க, மடிப்புக்குள்ள கடதாசி. வகுப்பு அலுமாரிக்குள்ள கிடந்த சுகாதாரப் புத்தகத்தில இருந்து கிழிச்ச பக்கங்கள். டீச்சர்மார் வகுப்பில படிப்பிக்காம "வீட்டில வாசிச்சுக்கொள்ளுங்க பிள்ளையள்" எண்டு தாண்டிப் போற பாடம். கக்கூசுக்குப் பின்னால நிண்டு டோர்ச் லைட்டில வாசிச்சன். ஒரு படமும் கீழ கொஞ்சம் எழுத்தும். எல்லாப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் வாறதாம், நோய் இல்லையாம். எனக்கு நடக்கிறதுக்கு ஒரு பேர் இரிக்கு, அத அச்சடிச்சு வச்சிரிக்காங்க, எனக்கு முதலும் பிள்ளைகளுக்கு நடந்திரிக்கு எண்டு தெரிஞ்சதும் அந்த இடத்திலயே குந்தி இருந்து அழுதன், பயத்தில இல்ல. மறுகா வந்து உங்களுக்குப் பக்கத்தில பாயில படுத்தன். நீங்க நித்திரை மாதிரிக் கிடந்தீங்க, கைய மட்டும் எடுத்து என்ட மேல போட்டீங்க. சாமத்தியச் சடங்கு இல்ல, ஆலாத்தி இல்ல, மாமிமார் இல்ல, அந்தக் கடதாசியும் உங்கட கையும்தான்.

அதே கைதான் அண்டைக்குப் பிள்ளைட பேக்க இழுத்தது. எனக்கு அதத் தாங்க ஏலாமக் கிடக்கு அக்கா.

சொல்லத்தான் வேணும், உங்களில எனக்குப் பழைய கோவமும் ஒண்டு இரிக்கு. கடதாசியத் தந்தீங்க, அதோட வாயையும் மூடிக்கொண்டீங்க. திராய்மடுவில வீடு கிடைச்சு வந்தாப் பிறகும் அம்மாட பேர எடுத்தா எழும்பிக் கிணத்தடிக்குப் போயிருவீங்க. டிசம்பர் 26 வந்தா விடியக் கோயிலுக்குப் போய் இருட்டினாப் பிறகு வருவீங்க. பதினேழு வயசில வீட்டச் சுமந்தீங்க, ஏஎல்ல விட்டீங்க, எனக்காக விட்டீங்க, அதுக்கு நான் எந்த ஜென்மத்திலயும் ஈடு செய்ய ஏலாது. ஆனா நான் அம்மாவுக்காக அழுதது உங்களோட இல்ல, பொது நூலகத்தில ஒரு கதிரையில. டோட்டோ-சான் வாசிக்கேக்க. டெட்சுகோ குரோயானாகி எண்ட ஜப்பான் அம்மா தன்ட சின்ன வயசப் பத்தி எழுதினது, 1981ல வந்தது, தமிழிலயும் இரிக்கு. பேப்பர் வாசிக்கிற மாதிரிச் சும்மாதான் எடுத்தன். போலியோ வந்த ஒரு பொடியன் அதில வருவான், மரத்தில ஏறத் தெரியாதவன், டோட்டோ அவன எப்பாடுபட்டும் மரத்தில ஏத்துவாள். மறுகா அவன் செத்துப் போயிருவான். அவன் குடுத்த புத்தகத்த இனித் திருப்பிக் குடுக்க ஏலாதே எண்டு அவள் நினைக்கிற இடம் வரும். அங்கதான் உடைஞ்சன். அந்தப் பொடியனுக்கு எண்டு தொடங்கி அம்மாவுக்குப் போய், அண்ணாவுக்குப் போய், நூலகத்தில இருந்த ஐயா வந்து தண்ணி தந்தவர். கடைசியில அவள்ட பள்ளிக்கூடமும் குண்டு விழுந்து எரியும். போர், சாவு எண்டு ஆரும் எனக்குப் பாடம் எடுக்கல்ல. என்ட வயசில ஒருத்தி அதுக்குள்ளால நடந்து வந்து உயிரோட இருந்து எழுதியிரிக்காள், எனக்கு அது போதுமா இருந்திச்சு.

உங்கட பயம் முழுக்கப் பொய் எண்டு நான் சொல்லல்ல. கவுன்சிலிங் படிக்கேக்க இதத்தான் முதல்ல படிச்சம். ஜெர்மனியில கேத்தே 1774ல எழுதின நாவல், காதல் தோல்வியில உயிர விடுற ஒரு இளைஞன்ட கதை, அதப் பாத்து பொடியனுகள் அதே மாதிரிச் செய்றாங்க எண்டு பயந்து லைப்சிக் நகரத்தில அத விக்கத் தடையே போட்டாங்க. சாவ அழகாக் காட்டுற, பழிவாங்குற வழியாக் காட்டுற, எப்பிடி எண்டு விவரம் சொல்ற கதை பிள்ளைட கையில போகவே கூடாது, அதில நான் உங்கட பக்கம். ஆனா ஒஸ்ட்ரியாவில பத்திரிகைச் செய்திகள வச்சு ஒரு ஆராய்ச்சி செய்து 2010ல வெளியிட்டாங்க, அதில மற்றப் பக்கமும் தெரிஞ்சது: அந்த எண்ணம் வந்த ஒரு ஆள் அதத் தாண்டி வந்த கதை வந்த இடத்தில அந்தச் சாவுகள் குறைவாத்தான் இருந்திச்சு. அப்ப எந்தக் கதை எண்டதுலதான் விஷயமே இரிக்கு. நான் முழுக்க வாசிக்காம ஒண்டையும் எந்தப் பிள்ளைக்கும் குடுக்கிறதில்ல. குடுத்துட்டு ஒதுங்கிப் போறதும் இல்ல, வாசிச்சா வந்து கதை எண்டுதான் குடுப்பன்.

நீங்க மட்டும் இல்ல. அமெரிக்காவிலயும் இந்தச் சண்டைதான். லோரி ஹால்ஸ் அன்டர்சன் 1999ல 'ஸ்பீக்' எண்டு ஒரு நாவல் எழுதினா, பார்ட்டியில ஒருத்தன் பலாத்காரம் செய்தாப் பிறகு பேச்சே இல்லாமப் போற பள்ளிக்கூடப் பிள்ளைட கதை. அத லைப்ரரியில இருந்து எடுங்க எண்டு எத்தினை தாய் தகப்பன்மார் நிண்டாங்க. அவங்களும் பிள்ளையில உள்ள பாசத்திலதான் நிண்டிரிப்பாங்க. ஆனா கதையில நடந்தத புத்தகம் கொண்டு வரல்ல, அது அதுக்கு முதலே பள்ளிக்கூடத்துக்குள்ள இரிக்கு, டியூசன் வழியில இரிக்கு, சில வீட்டுக்குள்ளயும் இரிக்கு. எங்கட ஊரில இதுக்கு மேல நான் எழுதினா ஆரையோ சொல்றன் எண்டு எடுப்பாங்க, நிப்பாட்டுறன்.

எனக்கு ஆத்திரம் வாறது வேற இடத்தில. எங்கட பிள்ளைகளுக்கு என்னத்த வச்சிரிக்கம்? அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் வரைக்கும் நரியும் காகமும், மறுகா கடைகள்ள வெற்றிக்கு வழி சொல்ற புத்தகம், இல்லாட்டி பாஸ்ட் பேப்பர். அம்மா குவைத்துக்குப் போயிட்டா, அம்மம்மாட்ட வளருற பிள்ளைக்கு எங்க கதை? கிழமைக்குக் கிழமை லோன் காசுக்கு ஆள் வந்து வாசல்ல நிக்கிற வீட்டுப் பொடியனுக்கு? 2019 ஏப்ரல் 21ல மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில வெடிச்சாப் பிறகு எங்கட பிள்ளைகள் எத்தினையோ நாள் ராவில எழும்பினதே, உங்கட மகளுக்கு அப்ப பத்து வயசு, என்னோடதான் படுத்தவள், அதப் பத்தி அவள்ட வயசுக்கு ஒரு கதை தேடித் தேடி எனக்குக் கிடைக்கல்ல. அதுக்குப் பிறகு டியூசன்ல முஸ்லிம் பிள்ளைகளும் எங்கட பிள்ளைகளும் வேற வேற வாங்கில இருந்ததையும் பாத்தன். விமல் குழந்தைவேல் அக்கரைப்பற்றப் பத்தி எழுதின 'கசகறணம்' இரிக்கு, ரெண்டு சனமும் ஒரே சந்தையில எப்பிடி இருந்து எப்பிடிப் பிரிஞ்சது எண்டு எங்கட பேச்சிலயே எழுதியிரிக்கார், ஆனா அது பெரிய ஆக்களுக்கான நாவல், ஏஎல் பிள்ளைகளுக்கு எண்டாத்தான் குடுப்பன்.

அலுமாரியில என்னென்ன வைக்கப் போறன் எண்டு மறைக்கல்ல. இரா. நடராசன்ட 'ஆயிஷா' மேல் தட்டில, கேள்வி கேக்கிற பிள்ளைய அடிச்சு மூட வச்சா என்ன நடக்கும் எண்டு டீச்சர்மாரும் எடுத்துக்கிட்டுப் போய் வாசிக்கட்டும். ஆன் பிராங்க்ட டயரி. பாமாட 'கருக்கு', சாதி எங்கட ஊரில இல்ல எண்டு சொல்ற ஆக்கள் வாசிக்க வேணும். லிவிங் ஸ்மைல் வித்யாட 'நான் வித்யா', இதுக்கு அத்தான் என்ன சொல்லுவார் எண்டு தெரியும், ஆனா அத வாசிக்க வேண்டிய ஒரு பிள்ளை எங்கயோ ஒரு வீட்டில மூச்ச அடக்கிக்கிட்டு இரிக்கு, அதுக்கும் சேத்துத்தான் வைக்கிறன். எங்கட நாட்டுப் புத்தகங்கள் நூலகம் டொட் ஓர்க்ல காசில்லாமக் கிடக்கு, போன்ல எடுத்துக் காட்டுவன். கதவுக்கு உள்பக்கம் 1926, 1929 ரெண்டு நம்பரையும் பெரிசா எழுதி ஒட்டியாச்சு, ஒண்டு மனசு சரியில்லாட்டி இருபத்துநாலு மணித்தியாலமும் எடுக்கலாம், மற்றது பிள்ளைகள் பாதுகாப்பு. புத்தகத்தால மட்டும் ஒரு பிள்ளையத் தூக்கி எடுக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும்.

உங்கட மகளுக்கு மறைச்சுக் குடுக்க மாட்டன். அவளுக்கு எண்டு எடுத்து வைக்கிற புத்தகம் முதல் உங்களிட்ட வரும். வாசிங்க. வேண்டாம் எண்டா ஏன் வேண்டாம் எண்டு அவளுக்கு முன்னால இருந்து அவளுக்குச் சொல்லுங்க, எனக்கில்ல. அவள் அழுதா இருந்து பாருங்க, கிணத்தடிக்கு எழும்பிப் போகாதீங்க. ஆனா அவள் என்னிட்ட வந்து கேள்வி கேட்டா நான் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டன், அது உங்களுக்குப் பிடிக்காட்டியும்.

இதுக்குக் கீழ கமெண்ட்ல ஒண்டும் எழுதாதீங்க, ஊர்ச் சனம் நிக்கும். போன் எடுங்க. அத்தான் ராச் சிப்டுக்குப் போனாப் பிறகு எண்டாலும் எடுங்க, நான் முழிச்சுத்தான் இருப்பன்.