காவல்துறை அருங்காட்சியகம்: கண்ணாடிப் பேழைக்கு முன் பதிவேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற காவலர்களும் வரலாற்றில் ஈடுபாடுள்ள பொதுமக்களும் சேர்ந்து ஊதியமின்றி நடத்திவரும் சிறிய காவல்துறை அருங்காட்சியகம் ஒன்றில், வாரத்தில் இரண்டு நாள் பணியாற்றி வருகிறேன். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தொப்பியையோ பதக்கத்தையோ கொடுக்க நினைக்கும் காவலர் குடும்பத்தினரும் தங்கள் வாசகர்களிடையே இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குள் வரும் அன்றைக்கே, அது யாருடையது, எங்கே பயன்பட்டது, யார் மூலம் வந்தது என்று எழுதிவைத்துவிட வேண்டும். அன்று எழுதாமல் விட்டதைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடிவதில்லை.

எங்களிடம் ஒரு பித்தளை விசில் இருக்கிறது. லண்டன் மாநகரக் காவலர்கள் விசில் வருவதற்கு முன் மரத்தால் செய்த கிலுகிலுப்பையைச் சுழற்றித்தான் உதவிக்கு ஆள் கூப்பிட்டார்கள். 1883இல்தான் பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் செய்த விசில் அங்கே புழக்கத்துக்கு வந்தது. அவருடைய நிறுவனம் அவ்வப்போது இடம் மாறியதால், விசிலில் பொறித்திருக்கும் முகவரியை வைத்தே அது ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் விசிலின் காலத்தையும் அப்படித்தான் கணித்தோம். ஆனால் அதன் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் அறுந்து, மெல்லிய செப்புக் கம்பியால் மிகப் பொறுமையாகச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கட்டிய கை யாருடையது, சங்கிலி எந்த இரவில் எப்படி அறுந்தது என்பதெல்லாம் அதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கி வைத்த எங்கள் மூத்த நண்பருக்கும் தெரிந்திருந்தது. நண்பர் அபாரமான நினைவாற்றல் உள்ளவர். எதைக் கேட்டாலும் சொல்வார், எதையும் எழுதமாட்டார். இன்று அவர் இல்லை. கொடுத்தவரின் பெயர்கூட எங்களிடம் இல்லை.

தன்னார்வலர்களை நம்பி நடக்கும் இடங்களில் இது அடிக்கடி நேர்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் பெரிய அருங்காட்சியகங்களில் ஒருவர் போனால் கோப்புகளாவது நிற்கும். எங்களைப் போன்ற இடங்களில் ஒருவர் நோய்வாய்ப்பட்டாலோ வேறு ஊருக்குப் போனாலோ, அவர் நினைவில் இருந்த வரலாறும் கூடவே போய்விடுகிறது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு. கண்ணாடிப் பேழையும் விளக்கும் அதற்குப் பிறகு வரலாம். வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண் கொடுத்து, கொடுத்தவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி, அன்றே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காகிதத்தில் அந்த எண்ணை மென்மையான பென்சிலாலும், சீருடையில் காலருக்கு உட்புறம் தைத்த பருத்தி நாடாவிலும் குறிக்கலாம். பசை ஒட்டும் சீட்டை எதிலும் ஒட்டக் கூடாது. கொடுப்பது நன்கொடையா இரவலா என்பதையும் அந்தப் பக்கத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். “கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும்” என்று வாய்மொழியாக வந்த ஒரு பதக்கத்தைப் பல ஆண்டுகள் கழித்து வாரிசுகள் இருவர் தனித்தனியே வந்து கேட்டபோது, யாருக்குக் கொடுப்பது என்று புரியாமல் நாங்கள் பட்ட பாடு பெரிது.

கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தால் செய்துவிடும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மரியாதையாகக் கொடுக்க வேண்டுமே என்று பித்தளை பக்கிளையும் பொத்தான்களையும் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். நாங்களும் தொடக்கத்தில் அதையே செய்தோம். இடைவாரின் பக்கிள் ஒன்றின் பின்புறம், ஆணியால் கீறியது போல மங்கலாக இருந்த காவலர் எண்ணை, அது அழுக்கு என்று நினைத்து நானே தேய்த்து அழித்திருக்கிறேன். கடைசி இலக்கம் மட்டும் மிஞ்சியது. அந்த எண் முழுமையாக இருந்திருந்தால், பழைய ஊதியப் பட்டியலில் தேடி அதை அணிந்தவரின் பெயரைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. பழைய சான்றிதழ்களை லேமினேட் செய்வதும் இப்படித்தான். அந்த வெப்பமும் பசையும் காகிதத்தைத் திரும்ப எடுக்க முடியாதபடி பற்றிக்கொள்கின்றன. கம்பளிச் சீருடையில் அந்துப்பூச்சி இருக்கிறது என்ற ஐயம் வந்தால் மருந்து தெளிக்க வேண்டாம். காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, −20 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் போதும்.

நிழற்படங்களின் நிலைதான் எல்லாவற்றையும்விட வேதனை தருவது. நிலையத்தின் முன் வரிசையாக உட்கார்ந்து எடுத்த குழுப்படங்களில் நடுவில் இருக்கும் அதிகாரியின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். பின்னால் நிற்கும் காவலர்களுக்குப் பெயர் இராது. பெயர் விடுபடுவதால் யாருக்கு இழப்பு என்பதற்குக் காவல்துறை வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்குவதற்கு அடிப்படையாக இருந்த வகைப்பாட்டு முறையின் கணக்குகளை வகுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு காவல் அலுவலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலும் ஏற்கப்பட்ட அந்த முறை, அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயரால்தான் உலகெங்கும் வழங்கியது. அத்தனை பெரிய பணி செய்தவர்களுக்கே அப்படி என்றால், கடைசி வரிசையில் நிற்கும் காவலரின் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

பிடித்துக் காவலில் வைத்தவர்களின் பழைய பதிவேடு, விசாரணைக் குறிப்பு போன்ற ஆவணங்கள் வரும்போது இன்னும் கவனம் தேவை. ஓய்வுபெறும் நாளில் யாரோ வீட்டுக்கு எடுத்துப் போனதாலேயே அவை அவருடைய சொத்தாகிவிடுவதில்லை. பெரும்பாலும் அவை அரசு ஆவணங்கள். துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. (துப்பாக்கி வந்தால், முறையாகச் செயலிழக்கச் செய்த சான்று இல்லாமல் தொடவே கூடாது.) மேலும் அந்தப் பக்கங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களும் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஒரு முறை ஒரு பெண்மணி தம் தாத்தாவைத் தேடி வந்தார். காவலராக இருந்திருப்பார் என்று எண்ணி ஊழியர் பட்டியலை எடுத்தோம். “அவர் உங்கள் ஆள் இல்லை, நீங்கள் பிடித்து வைத்த ஆள்” என்றார் அமைதியாக. பதிவேட்டில் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, இதை வெளியே வைக்காதீர்கள், ஆனால் பத்திரமாக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதையும் எங்கள் பதிவேட்டில் அந்த ஆவணத்துக்குரிய பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம். காவலர்களின் வரலாறு என்று நாங்கள் சேர்ப்பதில் அவருடைய தாத்தாவுக்கும் இடம் உண்டு என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

ஆகவே, கொடுக்க நினைப்பவர்கள் பொருளைத் துடைக்காமல், உள்ளபடியே கொண்டுவாருங்கள். அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். படங்களின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நிழற்படங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, படத்தில் இருப்பவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் எழுதித் தெரிவிக்குமாறு ஒரு வரி சேர்க்க இயலுமா? எங்கள் சுவரில் உள்ள குழுப்படத்தில் பதினொரு பேர் இருக்கிறார்கள். நால்வரின் பெயர் தெரியும். மற்ற எழுவரில், வலது ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும் இளைஞரைப் பார்த்து, எங்கள் பெரியப்பா மாதிரி இருக்கிறது என்று போன மாதம் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைத் தேதியிட்டு எழுதியிருக்கிறோம். உறுதிசெய்யக்கூடிய இன்னொருவர் வருவார் என்று காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அருங்காட்சியகத் தன்னார்வலர் ஒருவர்