அந்த ஒளிப்படுக்கையைப் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை நல்லபடியாக அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாங்கள் நலம். என் முழங்காலில் இருந்த செதில் படை, அதாவது சோரியாசிஸ், அடங்கிவிட்டது. தழும்பு போன்ற கறுப்புத்தான் மிச்சம். அது மறைய மாதக்கணக்கில் ஆகுமாம்.

உன் சோரியாசிஸுக்கு வருகிறேன். தோல் மருத்துவரைப் பார்க்க மாதங்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால், தோலைக் கறுக்க வைக்க ஒளிப்படுக்கையில் படுக்கவைக்கும் டேனிங் நிலையத்துக்குப் போகத் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். கோடையில் தானே அடங்கும் படை, வெயிலே கண்ணில் படாத மாதங்களில் தடித்துச் செதில் விடும்போது ஒளியைத் தேடிப் போவது இயல்புதான். வெளியே கிளம்புமுன் தோளில் விழுந்த செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே நிற்கும் அவஸ்தையை நானும் அறிவேன். ஒளி தோல் நோயை ஆற்றும் என்பதும் உண்மை. தோல் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கண்ட டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசே கிடைத்தது.

ஆனால் அந்தப் படுக்கையின் குழாய்கள் உமிழ்வது பெரும்பாலும் யுவி-ஏ எனும் புற ஊதாக் கதிர். சோரியாசிஸ் நன்றாக அடங்குவது யுவி-பி கதிருக்கு, அதிலும் 311 நானோமீட்டர் அளவை ஒட்டிய மிகக் குறுகிய பட்டைக்கு. மருத்துவமனையில் 'நேரோபேண்ட்' என்பது அதைத்தான். உன் முழங்கைப் படை சற்று மென்மையாகியிருப்பது, படுக்கையின் ஒளியில் கலந்திருக்கும் கொஞ்சம் யுவி-பியால் இருக்கலாம். அந்தக் கொஞ்சத்துக்காக உடம்பு முழுவதும் யுவி-ஏயில் குளிப்பது எனக்குச் சம்மதமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் இந்தப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில், சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் அழகுக்காக இவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவிலும் வணிக நிலையங்களுக்குத் தடை உண்டு.

நான் சிகிச்சை எடுத்த இடத்தில், சுற்றிலும் குழாய்கள் நிற்கும் ஒரு கூண்டுக்குள் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிற்க வேண்டும். முதல் தடவை சில நொடிகளிலேயே விளக்கு அணைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் செவிலியர், "போன தடவைக்குப் பிறகு எரிந்ததா, தொட்டால் வலித்ததா?" என்று கேட்டு, அட்டையில் குறித்துக்கொண்டு, அதன்படியே அளவைக் கூட்டுவார். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கேள்விதான் பாதுகாப்பு. டேனிங் நிலையத்தில் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, மிக முக்கியம். யாராவது கார்போகரிசி என்ற மூலிகை விதையின் எண்ணெயோ சூரணமோ தந்தால், அதோடு அந்தப் படுக்கையில் படுக்கவே படுக்காதே. அதிலிருக்கும் சோராலென் தோலை யுவி-ஏக்குப் பன்மடங்கு கூச வைக்கும். மருத்துவர்கள் அதை அளந்து பயன்படுத்துகிறார்கள்; அளவு தவறினால் தோல் வெந்துவிடும். டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும் தோலை ஒளிக்குக் கூச வைப்பவையே.

கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது வேறொரு வரி. காலையில் விரல் மூட்டுகள் விறைத்து, நெடுநேரம் கழித்தே மடங்குகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். குளிர் என்று நினைத்து விட்டுவிடாதே. சோரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டழற்சியும் வரும். எந்த ஒளியும் அதைத் தொடாது, தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையக்கூடும். குடும்ப மருத்துவரிடம் தோலுக்கு முன்னால் இதைச் சொல். எந்த விரல், எவ்வளவு நேரம், வீக்கம் உண்டா, நகத்தில் குழிகள் விழுந்திருக்கின்றனவா என்று எழுதியே கொடு. மூட்டு மருத்துவரிடம் விரைவாக அனுப்ப அது உதவும். நேரோபேண்ட் சிகிச்சைக்கும் அப்போதே கேள். அதுவரை தடவ வைட்டமின் டி வகைக் களிம்பு கிடைக்குமா என்றும் கேள்.

இந்த வாரமே போய்விட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது. நீ சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
சுந்தர்